குளவி அடைத்த சீழ்க்கை

என் மேசையில் ஒரு மண் ஆடு நிற்கிறது. நீண்ட கழுத்து, முகத்தில் ஓர் அலட்சியம். லாமா என்பார்கள்; ஒட்டகத்துக்குத் தூரத்துச் சொந்தம். வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அதைக் கையில் எடுத்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடும். என் வாயை மூட வைத்த ஒரே பொருள் அதுதான்.

கப்பலில் வேலை பார்த்த மாமா, பெரு நாட்டுத் துறைமுகச் சந்தையில் வாங்கி வந்தது. ஆண்டீஸ் மலைக்காரர்கள் பழங்காலத்தில் செய்த பாத்திரத்தின் நகல். இரண்டு வயிறு, நடுவே ஒரு குழாய். தண்ணீர் ஊற்றிச் சாய்த்தால் அது ஒரு வயிற்றிலிருந்து மறு வயிற்றுக்கு ஓடும்; அங்கிருந்த காற்று தலையிலுள்ள துளை வழியே சீழ்க்கையாக வெளியேறும். அசல் பாத்திரங்களை இறந்தவர்களோடு புதைப்பார்கள் என்று மாமா சொன்னதும் அத்தைக்கு வியர்த்துவிட்டது.

"பொணத்தோட பொதைக்கதையா வீட்டுக்குக் கொண்டாந்திய?"

"நம்ம ஆதிச்சநல்லூர்ல மட்டும் என்னவாம்? அங்கயும் பானைதானட்டி."

அத்தை அதன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுத்தான் உள்ளே விட்டாள். ஆழ்வார்திருநகரி வீட்டில் மாமா சாயங்காலமானால் அதைச் சாய்ப்பார். சீழ்க்கை கேட்டால் காப்பி வேண்டும் என்று அர்த்தம். அடுக்களையிலிருந்து "இந்தா வாரேன்" என்று பதில் வரும்.

பிறகு ஒருநாள் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, கண் திறந்திருந்தும் அவர் யாரையும் பார்க்கவில்லை. பழகிய சத்தங்களைக் கேட்க வையுங்கள் என்றார் டாக்டர். நான் என் ஜோக்குகளைச் சொல்லிப் பார்த்தேன். முகம் அசையவில்லை. நோயால்தான் என்று சொல்ல முடியாது, முன்பும் அப்படித்தான்.

லாமாவை எடுத்தேன். துளையை மண் அடைத்திருந்தது. நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் குளவி அதில் கூடு கட்டிவிட்டது. குளவி கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாமாவின் மகளோ பல வருஷம் ஏங்கியிருந்து அப்போதுதான் உண்டாகியிருந்தாள். நான் ஊக்கோடு நின்றதை அத்தை பார்த்துவிட்டாள்.

"ஏலே, பிள்ளத்தாச்சி இருக்க வீடு. கூட்டத் தொட்டேன்னா பாத்துக்க."

"மாமாவுக்காகத்தான அத்தை."

"எனக்கு ரெண்டும் வேணும்லே."

ஊக்கைச் சட்டையில் குத்திக்கொண்டேன். தினமும் விடிந்ததும் முதலில் துளையைப் பார்ப்பேன், பிறகு மாமாவின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். மாமா எங்களைவிட்டு ரொம்பத் தூரம் போய்க்கொண்டிருப்பது போலிருந்தது. கூட்டுக்குள் இருந்த புழுவுக்கு ஓர் அவசரமும் இல்லை.

ஒரு காலையில் மண்ணில் சிறு ஓட்டை தெரிந்தது. குளவி பறந்திருந்தது. தண்ணீர் ஊற்றிக் கட்டிலருகே சாய்த்தேன். சளி பிடித்த மாதிரி ஒரு கரகரச் சத்தம் வந்தது. மாமாவிடம் அசைவில்லை. நான் லாமாவைக் கீழே வைக்கப்போனேன்.

அடுக்களையிலிருந்து அத்தை, பழக்கத்தில், "இந்தா வாரேன்" என்றாள்.

மாமாவின் கண்கள் மெல்ல அடுக்களை வாசலுக்குத் திரும்பின. உதடு கோணி, ஒரு சொல் வந்தது. "சீனி."

சர்க்கரை நோய்க்காக அத்தை நிறுத்தி வைத்திருந்த சீனி. அன்று அவள் இரண்டு கரண்டி போட்டாள்.

மாமா பேத்தியைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அத்தை இப்போது எங்களோடு இருக்கிறாள். துளையைச் சுற்றி அந்த மண் இன்னும் ஒட்டியிருக்கிறது. சுரண்ட எனக்குத் தைரியமில்லை. நேற்று என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது; எனக்கும் சர்க்கரை. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லாமாவைச் சாய்த்தேன். கரகரத்தது.

"இந்தா வாரேன்" என்றாள் அத்தை. காப்பி வந்தது. சீனி இல்லை. நான் இன்னும் யாரிடமும் சொல்லவே இல்லை.