ஒரு மூச்சுக்கான மன்றாட்டு

அரசாங்க உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் பிறருடைய விண்ணப்பங்களைப் படித்தே தேய்ந்தவன் நான். கண்டிக் கச்சேரியில் என் மேசைக்கு வராத கோரிக்கை கிடையாது. அந்த மேசை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். பெரிதாகக் கேட்பவனுக்கு ஒன்றும் கிடைக்காது. சின்னதாக, விதிக்குள் அடங்குகிறபடி கேட்பவனுக்கு எப்போதாவது ஏதாவது கிடைக்கும். பரலோகத்திலும் அதே நடைமுறைதான் இருக்கவேண்டும் என்று எண்ணியிருந்தேன். என் மனைவியும் கடைசியில் அந்த இடத்துக்கே வந்து சேர்ந்தாள். அவள் வந்த வழி வேறு.

முப்பதுகளின் தொடக்கம் அது. குளத்துக்கு மேலே மேட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அதற்கு முன்பே எங்களுக்கு இரண்டு குழந்தைகள் மாதம் நிறையாமல் இறந்து பிறந்திருந்தன. இறந்து பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை. ஞானஸ்நானம் இல்லாவிட்டால் கோயில் கல்லறைத் தோட்டமான சேமக்காலையின் மந்திரித்த நிலத்தில் இடமில்லை. வேலிக்கு வெளியே ஒரு துண்டு நிலம் இருந்தது. தூக்குப் போட்டுக்கொண்டவர்களையும் அங்கேதான் புதைப்பார்கள். இரண்டு முறையும் நானும் குழி வெட்டுகிறவனும் மட்டுமே போனோம். சவப்பெட்டிக்குச் சவர்க்காரப் பெட்டி, கடைக்குச் சோப்புக்கட்டி வரும் பலகைப் பெட்டி, போதுமானதாக இருந்தது. சாமியார் வரவில்லை, விதிப்படி வரவும் கூடாது.

கல்லறைத் திருநாளில் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பார். வேலி வந்ததும் திரும்பிவிடுவார். அந்தப் பக்கத்தில் என் மனைவி மெழுகுதிரியோடு நிற்பாள். சாமியார்மேல் எனக்குக் குறை கிடையாது. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அங்கேயே திரும்பியிருப்பேன்.

"செத்தப்பறமும் அதுகளப் பாக்க முடியாதாமே, நெசமாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

வேதபாடத்தில் படித்திருந்தேன். அந்தக் குழந்தைகளுக்கு வேதனை இல்லை, ஆனால் கடவுளின் முகத்தைக் காணமாட்டா. சொர்க்கத்துக்குப் போகும் தாய்க்கும் அவற்றுக்கும் நடுவில் கதவு கிடையாது. "அப்படித்தான் சொல்லுறாங்க," என்றேன்.

மூன்றாவது முறை கருவுற்றதும் வீடு சிறிய கோயிலாகிவிட்டது. காலைப் பூசை, மாலைச் செபமாலை, செவ்வாயில் ஒரு நவநாள், சனியில் ஒரு விரதம். வயிறு தெரியத் தொடங்கியதும் அவளுடைய அக்கா, எனக்கு மதினி, ஹேவாஹெட்டத் தோட்டத்திலிருந்து வந்து தங்கினார். அங்கே அவருடைய கணவர் கணக்கப்பிள்ளை. மதினி வரும்போது ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். மடுமாதா கோயில் மண். பாம்புக்கடியிலிருந்து மாறாத காய்ச்சல்வரை அதைக் கரைத்துக் குடித்தால் தீரும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. என் மனைவி தினமும் காலையில் அதில் ஒரு சிட்டிகை குடித்தாள். ஆஸ்பத்திரி டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மருந்தை அதன்மேல் குடித்தாள். நான் இரண்டையும் தடுக்கவில்லை.

எட்டாம் மாதத்தில் ஒரு மத்தியானம், நல்ல மழை, வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வாடகைக் கார் தேடி ஆளனுப்பினேன். கீழ்த்தெருவில் இருந்த சோனக முஸ்லிம் மருத்துவிச்சியைக் கூட்டிவந்தேன். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவருடைய கையில் பிறந்தவர்கள். எல்லோருக்கும் அவர் உம்மா. அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், பிறகு என்னை வெளியே அழைத்தார்.

"மகன், காரு வந்தாலும் இனிக் கொண்டுபோக ஏலாது, நேரம் தாண்டிட்டு. புள்ள நேத்தையிலேருந்து அசையல்லயாம். ஏன் சொல்லல்ல?"

எனக்கும் அவள் சொல்லியிருக்கவில்லை. உள்ளே போனேன். மனைவி என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். சுவரில் தொங்கிய மாதா படத்தின் பக்கம் திரும்பி, வலிக்கு நடுவில், கடைக்காரரிடம் விலை பேசுகிறவள்போலப் பேசினாள்.

"தாயே, வளக்கணும்னு கேக்கல. பாலு குடுக்கணும்னு கேக்கல. ஒரே ஒரு மூச்சு குடு. தண்ணி ஊத்துற வரைக்கும் ஒரு மூச்சு. அப்பறம் நீயே எடுத்துக்க."

அத்தனை மாதமும் உயிருள்ள பிள்ளைக்காக மன்றாடியவள் இப்போது ஒரு மூச்சுக்கு இறங்கிவிட்டாள். என் மேசைக்கு அப்படி ஒரு விண்ணப்பம் வந்ததில்லை. அதைவிடச் சின்னதாக யாராலும் கேட்க முடியாது.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்குச் சட்டமெல்லாம் தெரியுமே. சாமியார் வர நேரம் இருக்காது. நீங்க குடுக்கலாந்தானே?"

கொடுக்கலாம். அவசரத்தில் யாரும் கொடுக்கலாம், அவிசுவாசிகூட. தண்ணீர் தலையில் ஓடவேண்டும். ஓடும்போதே வார்த்தைகளையும் சொல்லவேண்டும். பன்னீர் ஆகாது, பால் ஆகாது. நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மதினி ஒரு செம்போடு வந்து நின்றார். தண்ணீர் செங்காவியாக இருந்தது. பொட்டலத்தில் மிச்சமிருந்ததை முழுவதும் கரைத்திருந்தார்.

"மதினி, இது ஆகாது."

"ஏன் ஆகாது? மாதா மண்ணு!"

"இது சேறு. சேற்றால ஞானஸ்நானம் குடுத்தா செல்லாது."

"யாரு சொன்னா செல்லாதுன்னு? ஒங்க கச்சேரித் தொரையா? வாயத் தொறந்தா செல்லும், செல்லாது! தம்பி, உசுரு வரணும்னா மாதா வரணும், ஒங்க சட்டம் வராது!"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றார் உம்மா. "தண்ணி வேணுமா? இந்தா, காச்சி ஆற வச்ச தண்ணி ஈக்கி. இப்ப வெளக்கப் புடிங்க."

மழை இருட்டில் நான் விளக்கைப் பிடித்தேன். பெண் குழந்தை. அழவில்லை. நீலம் பூத்திருந்தது. உம்மா அதன் வாயைத் துடைத்தார், உள்ளங்காலில் தட்டினார், தலைகீழாகப் பிடித்தார், பிறகு வாயோடு வாய் வைத்து ஊதினார்.

"ஊத்துங்க! ஊத்துங்க!" என்று மனைவி கத்தினாள்.

மற்றக் கையில் இருந்த உம்மாவின் தண்ணீர் டம்ளரைச் சரித்தேன். சிறு தலையில் தண்ணீர் ஓடியது. விதி என்ன சொல்கிறதோ அதன்படியே சொன்னேன்: "நீ உயிரோடிருந்தால், பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

உயிர் சந்தேகமாக இருந்தால் அப்படித்தான் சொல்லவேண்டும். இன்றைக்குக் கேட்டாலும் அதுதான் முறை என்பேன். ஆனால் அந்த அறையில் அது விழுந்த விதத்தை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

"இருந்தாலா?" என்றாள் மனைவி. "மாதா மூச்சு குடுக்கிறா, நீங்க அவகிட்ட இருந்தாலான்னு கேக்குறீங்களா?"

"நெஞ்சு ஏறிச்சு, நான் பாத்தேன்," என்று மதினி அழுதார். "ஏறி எறங்கிச்சு. கண்ணால பாத்தேன்."

நான் பார்த்தேனா? விளக்கு என் கையில் ஆடியது. நிழலும் ஆடியது. கொஞ்ச நேரத்தில் உம்மா நிமிர்ந்தார். குழந்தையைத் துணியில் சுற்றி அதன் தாயின் பக்கத்தில் வைத்தார்.

மழை விட்டதும் கோயிலுக்குப் போனேன். எங்கள் சாமியார் வெள்ளைக்காரர், தமிழைப் புத்தகத்தில் படித்தவர். நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

"சிசு ஜீவித்ததற்கு அடையாளம் கண்டவர் யார்?"

"என் மனைவியின் தமக்கை."

"நீர் கண்டீரா?"

"நிச்சயமாகச் சொல்ல முடியாது, சாமி."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். சாதாரணமாகத் தகப்பன்மார் அந்த இடத்தில் கண்டேன் என்று சொல்லிவிடுவார்கள் போலும். குடையை எடுத்துக்கொண்டு என்னோடு மேட்டில் ஏறினார்.

மதினி சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்யத் தயாராக நின்றார். ஆனால் சாமியார் அவரை விட்டுவிட்டு உம்மாவிடம் திரும்பினார். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசற்படிக்கு வந்தார். சேமக்காலை வேலியைப்பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

"நீர் கண்டதைச் சொல்லும், அம்மா. சிசு சுவாசித்ததா?"

உம்மா அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அறைக்குள் என் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

"நான் வாயில ஊதினேன், சாமி. நெஞ்சு ஏறிச்சு, எறங்கிச்சு. ரெண்டு தரம் மூணு தரம். அது ஏண்ட மூச்சா, புள்ளட மூச்சா, அது படச்சவனுக்குத்தான் தெரியும். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது."

முடிந்தது என்று நினைத்தேன். ஆம் என்று சொல்லியிருந்தால் வழி இருந்தது. இல்லையென்று சொல்லியிருந்தாலும் பழகிய வழி இருந்தது. சவர்க்காரப் பெட்டி தேடவேண்டும் என்று என் புத்தி ஓடியது.

சாமியார் குடையின் நுனியால் படியிலிருந்த சேற்றைக் கிளறிக்கொண்டு நின்றார்.

"ஆதாமுக்கும் சுவாசம் வெளியேயிருந்துதான் வந்தது," என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். பிறகு உத்தியோகக் குரலில் என்னிடம் சொன்னார்: "சந்தேகமானால் சிசுவின் பக்கமே தீர்ப்பு. நாளைக் காலைப் பூசைக்குப் பிறகு கொண்டுவாரும்."

மறுநாள் நானும் மதினியும் போனோம். தச்சன் ஒரு சின்னப் பெட்டி செய்து கொடுத்திருந்தான். பிள்ளை பெற்றவள் வெளியே வரக்கூடாது என்பதால் மனைவி வீட்டில் இருந்தாள்; உம்மா துணைக்கு இருந்தார். திரும்பி வந்தபோது அவள் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முதல்நாள் மாலையிலிருந்து அவள் என்னோடு பேசியிருக்கவில்லை.

"எங்க வச்சீங்க?"

"உள்ள. நடு வரிசையில."

"சாமியார் என்ன நெறத்துல போட்டிருந்தாரு?"

பெரியவர்களின் அடக்கத்துக்குக் கறுப்பு. ஞானஸ்நானம் பெற்ற பச்சைக் குழந்தை நேரே சம்மனசாக, தேவதூதராக, ஆகிவிடுவதால் அதற்குத் துக்க நிறம் இல்லை.

"வெள்ளை," என்றேன்.

அவள் மதினியைப் பார்த்தாள். மதினி தலையாட்டினார்.

முதல் இரண்டுக்கும் அவள் அழுததில்லை. வேலிக்கு வெளியே போனதற்கு எந்தப் பெயரைச் சொல்லி அழுவது? இப்போது வாய்விட்டு அழுதாள், செத்த வீட்டில் அழுகிறதுபோல, மாரில் அடித்துக்கொண்டு, மகளே மகளே என்று. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பச்சை உடம்பு, ஆகாது என்று மதினி தடுக்க ஓடினார்.

"உடுங்க," என்றார் உம்மா. "அழட்டும்."