காணிப்பாக்கத்தில் கன்னிகா செய்த பிரமாணம்

கன்னிகா 1981ஆம் ஆண்டு, ஆந்திராவில் பாகாலாவுக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில், கரும்பு வெட்டும் கூலிக் குடும்பத்தில் பிறந்தார். என் பெரியப்பா மகன் ஆதிகேசவனை 1999இல் மணந்தார். எனவே எனக்கு அண்ணி. இரு வீட்டாருக்கும் சொந்த நிலம் இருந்ததில்லை. மாடும் இருந்ததில்லை. ஆதிகேசவன் திருப்பதியில் யாத்திரிகர் தங்கும் விடுதி ஒன்றில் துணி வெளுக்கும் வேலை செய்கிறார். விடியலில் ரயிலேறிப் போய் இருட்டியபின் வீடு திரும்புவார். அண்ணி, சிட்டிபாபு என்பவருடைய நாற்பது சென்ட் நிலத்தை வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு எடுத்துச் சாமந்தியும் கத்தரியும் பயிரிட்டார். சாமந்தி காணிப்பாக்கம் விநாயகர் கோவில் பூக்கடைகளுக்குப் போகும். அந்தக் குத்தகையை அவர் இழக்கவிருந்த கதையைத்தான் இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த நிலம் கரளை மண். மண்வெட்டியை ஓங்கினால் பொறி பறக்கும். வேறு எவரும் கேளாததால்தான் அது அண்ணிக்குக் கிடைத்தது. மண்ணைத் தேற்ற அவர் கரும்புச் சோகையையும் மாஞ்சருகையும் சுமந்து வந்து நிலத்தின் மூலையில் குவித்தார். ஓராண்டு கழித்தும் சோகை சோகையாகவே கிடந்தது. இயற்கை விவசாயம் கற்பிக்க மண்டல அலுவலகத்திலிருந்து வந்தவர்கள், காய்ந்த குப்பை தானாக மக்காது, அதைக் கிளப்பிவிடக் கோமியம் ஊற்ற வேண்டும் என்றார்கள். ஊரில் கோமியம் விற்றவர் சிட்டிபாபுவின் மனைவி தேவசேனா. பாட்டில் பத்து ரூபாய். அண்ணி இரண்டு பட்டம், அதாவது இரண்டு பயிர்ப் பருவம், வாங்கி ஊற்றினார். மூன்றாம் பட்டத்தில் நிறுத்திவிட்டார்.

காரணத்தை அவர் ஆதிகேசவனிடம் சொன்னபோது நானும் அங்கிருந்தேன்.

“மாடும் துன்னுது, நானும் துன்றேன். அதுகிட்டேர்ந்து வந்தா மருந்து, என்கிட்டேர்ந்து வந்தா அசிங்கமா? அதுல இருக்கிற உப்புதான இதுலயும் இருக்குது?”

“ஊரு கேட்டா காறித் துப்பும்டி,” என்றார் அண்ணன்.

“துப்பட்டும். அதுவும் குப்பைக்கு ஈரந்தான்.”

“என்னை இதுல இழுக்காத.”

“உன்னை இழுக்காம? ராத்திரி வூட்டுக்குப் பின்னால சும்மா போறதைக் கேன்ல போ. மெனக்கெட்டு வேற ஒண்ணும் செய்ய வேணாம்.”

அண்ணன் சில நாள் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேனைப் பயன்படுத்தத் தொடங்கினார்.

முதலில் ஒரு தவறு நேர்ந்தது. கேனில் சேர்ந்ததை அண்ணி நீர் கலக்காமல் ஒரு வரிசைக் கத்தரிச் செடிகளின் வேரில் ஊற்றினார். இலைகளின் ஓரம் கருகிப்போயிற்று. அதன் பின் செடிப் பக்கமே கொண்டுபோகாமல், குப்பைக்கு மட்டும் ஊற்றினார். கடப்பாரையால் குவியலில் ஆழமாகத் துளையிடுவார். தண்ணீர் கலந்து துளைகளில் ஊற்றுவார். மேலே காய்ந்த சோகையைப் போட்டு மூடுவார். குவியலுக்குள் சூடு பிறந்தது. செருகிவைத்த கடப்பாரையை உருவினால் முனையைக் கையில் பிடிக்க இயலாது. நானே தொட்டுப் பார்த்துக் கையை உதறியிருக்கிறேன். அருகில் நின்றால் மழை பெய்த மண்ணின் வாசனை தவிர வேறு நாற்றமில்லை. குவியல் பாதியாகச் சரிந்து, கறுத்து, ஆறி, மண்ணோடு மண்ணான பிறகே அதை வயலில் இறைத்தார். இரண்டு ஆண்டுகளில் கரளை இளகியது. சாமந்தி இடுப்பளவு வளர்ந்தது.

இந்த நிலையில் ஒரு காலை தேவசேனா வயலுக்கு வந்தார். இனி வருவது அண்ணி என்னிடம் சொன்னது.

“இன்னாடி கன்னிகா, கோமியம் வாங்க வர்றதே இல்ல? வேற யாராச்சும் கொறைச்சலுக்குத் தர்றாங்களா?”

“யாரும் தரலம்மா. எங்க வூட்டுலயே கெடைக்குது.”

“உங்க வூட்டுல ஏது மாடு?”

அண்ணி கேனைச் சாய்த்துக் குவியலில் ஊற்றினார். தேவசேனாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அய்யய்யோ, சாமிக்குப் போற பூவாச்சேடி!” என்று கத்தியவாறு வரப்பில் ஓடினார். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுவதும் அதே பேச்சு.

மறுநாள் பால் ஊற்றும் இடத்தில், பலர் முன்னிலையில், சிட்டிபாபு அண்ணியை நிறுத்திக் கேட்டார்.

“நான் கத்தப் போறதில்ல. நீ ஊத்தலன்னு காணிப்பாக்கத்துல பிரமாணம் செய்யி. சரே, நெலம் உன்கிட்டயே இருக்கட்டும். செய்ய முடியலன்னா இந்தப் பட்டத்தோட விட்டுடு.”

எங்கள் பகுதியில் இந்தச் சத்தியத்துக்கு மேல் வழக்கில்லை. காணிப்பாக்கத்துக் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு விநாயகர் முன் நின்று பொய் சொல்லத் துணிந்தவரை நான் அறியேன். இல்லை என்று சத்தியம் செய்ய அண்ணியால் இயலாது என்பது சிட்டிபாபுவுக்குத் தெரியும். அண்ணி வரமாட்டார், நிலம் தானாகத் தன் கைக்கு வரும் என்று கணக்கிட்டிருக்க வேண்டும். பண்பட்ட அந்த நிலத்தை அவர் தம் மைத்துனருக்கு நாற்றுப் பண்ணை வைக்கக் கொடுக்க நினைத்தார் என்று பேச்சுண்டு. அதை நிறுவ என்னிடம் சான்றில்லை.

“ஞாயித்துக்கெழம வர்றேன். நீங்களும் வந்துடுங்க,” என்றார் அண்ணி.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். “பொய் சொல்லப் போறியா? நமக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது!”

“பொய் சொல்றேன்னு யார் சொன்னது? நீ லீவு போட்டுகினு கூட வா.”

2019 தை மாதம், ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்து ஒரே பேருந்தில் போனோம். அண்ணி குளத்தில் முழுகி எழுந்து, சொட்டச் சொட்ட வந்து நின்றார். குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்:

“புள்ளையாரப்பா, எங்க வூட்டு மூத்திரத்தைக் குப்பையில நான்தான் ஊத்துனேன். இன்னமும் ஊத்துவேன். மக்கி மண்ணான பொறவுதான் நெலத்துல போட்டேன். மொத தபா தெரியாம கத்திரிச் செடிக்கு ஊத்திக் கருக்கிட்டேன், அதுவும் நெசம். பூச்செடி மேல ஒரு சொட்டு பட்டதில்ல. இதுல பொய் இருந்தா என் ரெண்டு கண்ணும் போவட்டும்.”

சிட்டிபாபு திகைத்துப்போனார். “இல்லன்னு சொல்லத்தான வரச் சொன்னேன்?”

“நெசத்தைச் சொல்லத்தானய்யா இங்க வர்றது?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அண்ணி அத்தோடு விடவில்லை. முடியைப் பிழிந்து முடிந்துகொண்டு, சிட்டிபாபுவுக்குக் குளத்தைக் கைகாட்டினார்.

“இப்ப நீங்க முழுவுங்கய்யா. உங்க மாந்தோப்புல செப்டிக் டேங்க் லாரி கொட்டுறதே இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இன்னிக்கே நெலத்தை விட்டுட்டுப் போறேன்.”

லாரி வருவது எல்லாருக்கும் தெரியும். தோப்பை ஒட்டிய வழியில் நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறோம். அவரிடம் கூலிக்குப் போகிறவர்கள் என்பதால் எவரும் வாய் திறந்ததில்லை.

“அது வேற, இது வேற,” என்றார் சிட்டிபாபு.

“வேறதான். நான் மூடி மக்க வெச்சேன். நீங்க பச்சையா வுட்டீங்க. அந்த மாங்காதான் சித்தூரு மண்டிக்குப் போயி, வருசா வருசம் ஊரூரா சாமி தட்டுல குந்துது. உங்க வூட்டு மாட்டோடது பாட்டிலு பத்து ரூபா, உங்க லாரியோடது எரு, என்னோடது மட்டும் பாவமா? சொல்லுங்கய்யா, தண்ணி ஒண்ணும் சில்லுனு இல்ல.”

சிட்டிபாபு தோளிலிருந்த துண்டை எடுத்தார். முழுகப் போகிறார் என்றே நினைத்தோம். முகத்தைத் துடைத்துவிட்டு மீண்டும் தோளில் போட்டுக்கொண்டார். தேவசேனா அவர் கையைப் பற்றி, “வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சி,” என்று இழுத்துச் சென்றார். அப்போது பேருந்து வருவதற்கு வெகுநேரம் இருந்தது.

பட்டம் முடிந்தும் நிலத்தை விடச் சொல்லி ஆள் வரவில்லை. குத்தகைப் பங்கைக் கேட்டுத்தான் ஆள் வந்தது. பிரமாணத்துக்கு அழைத்தவரே முழுக மறுத்த பின், அண்ணியை வெளியேற்ற அவருக்கு ஊரில் வாயில்லை. இழப்பு எதுவுமில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். பூக்கடைக்காரர்களில் பாதிப்பேர் அண்ணியின் சாமந்தியை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அவர் மீதியைச் சித்தூருக்குக் கொண்டுபோய் விற்றார். யார் கேட்டாலும் எதைப் போட்டு வளர்த்தது என்பதைச் சொல்லியே விற்றார். கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்களும் உண்டு, சிரித்துவிட்டு வாங்கியவர்களும் உண்டு. வீட்டுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த கேன், அன்றுமுதல் வயலின் முகப்பில், பாதையில் போவோர் கண்ணில் படும்படி இருக்கிறது.

அவர் செய்தது சரி என்பதே என் கருத்து. அந்த நிலத்தில் இன்றும் அவரே பயிர் செய்கிறார். பிரமாணம் செய்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.