சாட்சிக் கூண்டு இல்லாத கோர்ட்

துறைமுகக் கிடங்கில் பித்தளை திருடினார் என்று என் நைனாவுக்கு ஒரு வருஷம் ஜெயில் போட்டார்கள். திருட்டு நடந்த அந்தச் சாயங்காலம் அவர் ராயபுரம் கடற்கரையில் அத்தை வீட்டு வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுத்தவள் அத்தை. கோர்ட்டில் அதைச் சொல்லத்தான் அவள் காத்திருந்தாள். மாஜிஸ்திரேட் அவளைக் கூண்டில் ஏறவே விடவில்லை. கூடப் பிறந்தவள் வேறென்ன சொல்லிவிடப் போகிறாள் என்று தள்ளிவிட்டுத் தீர்ப்பை எழுதிவிட்டார்.

வக்கீல் ஐகோர்ட்டில் அப்பீல் போட்டதும் அத்தைக்கு உயிர் வந்தது. மீன் கூடையோடு தெருத்தெருவாகப் போகும்போதெல்லாம் சாட்சி சொல்லிப் பழகினாள். மீன் என்ன விலை என்று கேட்டவர்களுக்கும் சாட்சிதான் கிடைத்தது! அப்பீல் எடுக்கும் நாளன்று வலையில் நைனா பின்னிய இடத்தை மட்டும் அறுத்து மடியில் சுருட்டிக்கொண்டாள். எங்கள் கரையில் ஒவ்வொருவர் முடிச்சும் ஒரு தினுசு. தடவிப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடுவார்கள். ஐகோர்ட்டுத் துரைகளும் ஒரு தடவை தடவிப் பார்த்தால் போதும் என்று நம்பினாள். வலை நாற்றம் ஊரைத் தூக்கியது வேறு விஷயம்.

என்னையும் கூட்டிப்போனாள். ராத்திரியில் கடலுக்குப் போனவர்களுக்கு வழி காட்டும் விளக்கு ஐகோர்ட்டின் சிவப்புக் கட்டடத்தின் தலையில்தான் இருந்தது. கரையிலிருந்தே அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கிட்டே போய் அண்ணாந்து பார்த்தபோது, அம்மாடி! கழுத்து வலித்ததே தவிர கோபுரம் முடியவில்லை. அத்தையின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே பூசை நேரத்து மாதா கோயில்போல அமைதி. அத்தை சிலுவைகூடப் போட்டுக்கொண்டாள்.

உயரத்தில் இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை கண்ணால் நாலா பக்கமும் துழாவினாள்.

"கூண்டு எங்க கீது சாமி?" என்று வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டாள்.

"இங்கே சாட்சி கிடையாதும்மா. கீழ்க்கோர்ட்டுல எழுதி வச்சதைத்தான் படிப்பாங்க."

"எழுதனதா? என்னியத்தான் எழுதவே இல்லியே!"

"சத்தம் போடாதே. அதைத்தான் நம்ம வக்கீல் இங்கிலீஷுல சொல்லிக்கினு இருக்காரு."

காகிதங்கள் புரண்டன. ஒரு பக்கத்தில் வயதான நீதிபதியின் விரல் நின்றது. சர்க்கார் வக்கீலிடம் ஏதோ கேட்டார். அவர் தன் கட்டை அவிழ்த்துத் தாள் தாளாகத் தேடினார். எங்கள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. வலை மடியிலேயே இருந்தது.

வெளியே வந்து குமாஸ்தா விளக்கினார். தண்டனை ரத்து. ஆனால் நைனா திருடினாரா இல்லையா என்று இவர்கள் சொல்லவில்லை. கேஸ் கீழ்க்கோர்ட்டுக்கே திரும்பிப் போகிறது. அத்தையை விசாரித்த பிறகுதான் புதுத் தீர்ப்பு.

அத்தை படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. இவ்வளவு பெரிய கட்டடத்தில் என் அத்தையை ஒரு வார்த்தை கேட்க ஆளில்லையா?

"அழாத அத்தே. இத்த விட பெரிய கோர்ட்டு கீதான்னு பாக்கலாம்."

"அடி போடி பைத்தியமே! இந்த மீன் கூடக்காரிய கேக்காம எழுதன தீர்ப்பு செல்லாதாம்டி!"

அவள் கூண்டேறிப் பேசியதும், வலையைக் காட்டியதும், நைனா வீடு திரும்பியதும் பிறகு நடந்தவை. அன்று நைனா இல்லாமல்தான் ராயபுரத்துக்கு நடந்தோம். வழியெல்லாம் அத்தை நின்று நின்று அந்தக் கோபுரத்தைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டாள். அவளிடம் ஒன்றும் கேட்காத, நைனாவையும் கையில் கொடுக்காத கோர்ட்டை எதற்குக் கும்பிடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.