மில் வாசலில் சின்ன இட்டிலி

மில் வாசலில் இட்டிலிக் கடை போட்டிருந்த செல்லக்கிளி வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் ஊரை ஏமாற்றப் பார்த்தாள். அதையும் உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை.

உலகச் சண்டைக் காலம். பர்மா அரிசி நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடைக்காரர் நேற்றுச் சொன்ன விலையை இன்றைக்கும் சொன்னால் மதுரைச் சனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒவ்வொரு தொழிலும் தனக்குத் தெரிந்த வழியில் தப்பித்தது. பெரிய ஓட்டல்காரர்கள் விலைப் பலகையை அழித்து எழுதினார்கள். காப்பிக் கடைகளில் பால் இளைத்துப் போயிற்று. சீமைச் சாயம் கிடைக்காத பட்டறைகள் பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. அந்தப் பாதியில் செல்லக்கிளியின் புருஷனும் ஒருவன். பெயர் வெள்ளைத்துரை. வேலை போயும் அவன் முழங்கையில் நீலம் போகவில்லை.

ஆக, பிள்ளைகளோடு நான்கு வயிற்றுக்கும் அவள் இட்டிலிதான் கதி. விலையை ஏற்றினால் மில்காரர்கள் வரமாட்டார்கள் என்று பயந்தாள். ஏற்றாவிட்டால் மறுநாளைக்கு அரிசி வாங்க வழியில்லை. மூன்று நாள் யோசித்துவிட்டு, இட்டிலித் தட்டைப் பாத்திரம் அடிக்கிற கன்னாரிடம் கொண்டுபோய், குழிகளின் ஆழம் குறைய, கொஞ்சம் மேலே தட்டித் தரச் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அந்த மாதம் அவரிடம் அப்படி வந்த ஐந்தாவது தட்டு அது.

மறுநாள் வெந்து வந்த இட்டிலி, தோசைக்குச் சொந்தக்காரி மாதிரி சப்பையாக இருந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆளுக்கு இரண்டு கரண்டி சட்னி கூடுதலாக ஊற்றினாள். அரிசியில் மிச்சம் பிடித்ததில் பாதி தேங்காயில் போயிற்று. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவும் இல்லை. வழக்கமாக நான்கு தின்னும் நூற்பு ஆள் காசிமாயன், அன்றைக்கு ஆறு தின்று, ஆறுக்கும் காசு வைத்துவிட்டுப் போனார். மற்றவர்களும் அப்படியே.

ஒரு மாதம் ஓடியது. அரிசி மறுபடி ஏறியதும், சனிக்கிழமையோடு கடையைச் சாத்தப்போவதாகக் காசிமாயனிடம் சொன்னாள்.

அந்த வாரம்தான் மில் நிர்வாகம் விலைவாசிக்கு ஈடாகக் கூலியோடு பஞ்சப்படி கொடுத்து, ஆட்களுக்குப் பழைய விலையில் அரிசி போட உள்ளேயே ஒரு கடை திறந்தது. பசித்த ஆளை வைத்துக்கொண்டு நூற்கிற கதிர் ஓட்ட முடியாது என்று முதலாளிகளுக்கும் புரிந்திருந்தது. சனிக்கிழமை சங்கு ஊதியது. துண்டில் கட்டிய அரிசி மூட்டையோடு வெளியே வந்த காசிமாயன் அவள் முன்னால் துண்டை அவிழ்த்து, அங்கே கிடந்த அவள் முறத்தில் ஒரு பிடி அரிசி போட்டார். பின்னால் வந்தவரும் போட்டார். அவருக்குப் பின்னாலும் வரிசை நின்றது.

செல்லக்கிளிக்கு உடம்பெல்லாம் கூசியது. முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"வேணாம்ண்ணே. தட்டைத் தட்டிக் குழியைக் குறைச்சவ நான். உங்க அம்புட்டுப் பேரையும் ஏமாத்திட்டேன்."

காசிமாயன் துண்டை முடிந்துகொண்டே சொன்னார்: "மொத நாளே தெரியும் தங்கச்சி. நீ கடையைச் சாத்திறக் கூடாதுன்னு பேசி வச்சுத்தான் ஆளுக்கு ரெண்டு கூடத் தின்னோம்."

அவள் முறத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, வரிசை முடிகிற வரைக்கும் அழுதாள். கடை சாத்தவில்லை. சாகிற வரைக்கும் மில் சங்கு ஊதினால் செல்லக்கிளி கும்பிடுவாள். மில்லை அல்ல, வெளியே வருகிற ஆட்களை.