ஹெக்டர் பர்னி உருவாமல் விட்ட நூல்

பிட்காரித் துறைமுகத்தில் ஹெக்டர் பர்னியைத் தெரியாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் இன்னும் பிறக்கவில்லை. இன்னொருவர் செத்து நூறு வருஷமாகிறது. பகலெல்லாம் ஊர்க் குப்பையை அள்ளும் லாரியை ஓட்டுவார். வியாழக்கிழமை சாயங்காலமானால் சாரணர் கூடத்தின் பின்னறைக்குள் புகுந்துகொள்வார். தோல்பைக் குழல் ஊதும் சாரணர் பைப் பேண்டின், முதுகுப்பக்கம் மடிப்பு வைத்த கட்டம்போட்ட இருபத்திரண்டு கில்ட்டுப் பாவாடைகளும் அங்கேதான் தொங்கும். இருபத்தாறு வருஷமாக அந்த அறைச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. குளிக்கும்போதும் கட்டிக்கொண்டுதான் குளிக்கிறார் என்று அவர் மனைவி எஃபி சத்தியம் பண்ணுவாள்.

அவர் வைத்த மடிப்பில் கேரட் நறுக்கலாம். இதைச் சொன்னதும் அவரேதான். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு, ஆனால் மடிப்பு விஷயத்தில் அவருக்கு மேலே வானம்தான். பத்து வயதுப் பொடியனோ அறுபது வயது பைப்காரரோ, கில்ட்டைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் மண்டி போட வேண்டும். ஓரம் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். அரை விரல் இறங்கினாலும் விட மாட்டார்.

"என்னடா இது, உங்க வீட்டு ஜன்னல் திரையைக் கழட்டிட்டு வந்தியா?"

கில்ட்டைத் துவைத்ததும் அந்த மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடிப்பக்கம் குறுக்கே நீளமாக ஓட்டுத்தையல் போட்டுவிடுவார். அப்போதுதான் இஸ்திரி போடும்போது மடிப்பு நகராது. கட்டிக்கொள்ளக் கொடுக்கும்முன் நூலை ஒரே இழுப்பில் உருவிவிட வேண்டும். சில அவசரக்காரர்கள் வீட்டில் தாங்களே மறுபடி நூல் ஓட்டி இஸ்திரி போடுவதுண்டு. அவர்களைப் பற்றி ஹெக்டர் பேசுவதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

பேண்டுப் போட்டியில் போன ஆகஸ்ட் வரை ஒன்பது வருஷம் தொடர்ந்து, உடைக்கான கோப்பை பிட்காரிக்குத்தான். இன்வர்கெல்லி ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டே அவர்கள் பைப்பை ஊதிவிடுவார்கள்.

போன ஆகஸ்ட் போட்டிக்கு ஒரு வாரம் முன்னால்தான் தப்பு நடந்தது. ரோனா கீலர் பின்வரிசையில் டிரம் அடிப்பவள். ஊருக்கே தபால் கொடுக்கிறவள். நாற்பது வயதுக்கு மேல், தான் நடத்தும் குட்டிச் சாரணர்களோடு உட்கார்ந்து குச்சி பிடிக்கக் கற்றுக்கொண்டவள். அன்றைக்கு வேலை முடிந்து தாமதமாக வந்தாள். ஹெக்டர் அப்போது நாலு பேரைச் சுற்றி நிற்கவைத்து, கடற்காக்கை ஒன்று அவர் லாரியில் இருந்து ஒரு முழு ஆட்டுத் தொடையைத் தூக்கிக்கொண்டு போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதையில் காக்கை கப்பலளவு வளர்ந்திருந்தது. நடுவில் நிறுத்த மனசு வரவில்லை. ரோனாவின் கில்ட்டைக் கொக்கியில் இருந்து எடுத்து அப்படியே நீட்டிவிட்டார். நூலை உருவவில்லை. வெள்ளை நூல்கண்டு தீர்ந்துபோய்க் கரும்பச்சை நூலில் ஓட்டியிருந்தார். கரும்பச்சைக் கட்டத்தில் அது கண்ணுக்கே தெரியாது.

போட்டி அன்று காலையிலும் ரோனா அவர் முன்னால் மண்டி போட்டாள். ஹெக்டரின் ஒரு கையில் பன்றிக்கறி வைத்த ரொட்டி. முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, "அழகு ராணி, எழுந்திரு" என்றார். முதுகுப்பக்கம் பார்க்கவில்லை.

பேண்டு மைதானத்தில் இறங்கியது. இருபத்தோரு கில்ட்டும் கடலலை மாதிரி ஆடின. இருபத்திரண்டாவது மட்டும் அடுப்புப் புகைக்குழாய் மாதிரி விறைத்துக்கொண்டு போனது. ரோனா கடைசி வரிசை. அவளுக்குப் பின்னால் யாருமில்லை. நோட்டுப் புத்தகத்தோடு சுற்றி வந்த நடுவரைத் தவிர.

ஒரே ஒரு மதிப்பெண்ணில் கோப்பை இன்வர்கெல்லிக்குப் போனது. பேண்டின் தலைவர் பைப் மேஜர் ஸ்ட்ரூவன் பஸ் பக்கத்தில் எல்லாரையும் நிறுத்தி நடுவரின் தாளைப் படித்தார். ஸ்ட்ரூவன் சிரித்ததைப் பார்த்ததாகச் சொல்பவர்களை ஊரில் யாரும் நம்புவதில்லை.

"பின்வரிசை டிரம், மடிப்புத் தையல் பிரிக்கல. இப்படி எழுதியிருக்கான். ஹெக்டர், நூலை உருவலியா நீ?"

ரோனா திரும்பி நின்று காட்டினாள். பச்சை நூல். ஹெக்டருக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஆனால் வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"நானா? இருபத்தாறு வருஷத்துல ஒரு நூலை விட்டிருப்பேனா நான்? உருவித்தான் குடுத்தேன். வீட்டுல இஸ்திரி போடறேன்னு மறுபடி ஓட்டியிருப்பாங்க."

எல்லாரும் ரோனாவைப் பார்த்தார்கள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இஸ்திரி போட்டேன்தான். முன்பக்கம் மட்டும்தான்னு நெனச்சேன். தையல் போட்டதா ஞாபகமே இல்லியே." பின்னால் கைவிட்டு நூலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "போட்டிருப்பேன் போல. மன்னிச்சிருங்கப்பா."

அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், ஹெக்டர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கதை சொல்ல ஆறு ஊர் கேட்கத் திறக்கிற வாய், அன்றைக்கு மட்டும் தைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

ரோனா டிரம் குச்சிகளைக் கூடத்து மேஜையில் வைத்துவிட்டு பேண்டை விட்டே நின்றுவிட்டாள். அதோடு விட்டாளா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை, துணியில் கட்டி அவித்த திராட்சைப் புட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஹெக்டர் வீட்டுக்கே வந்தாள். உருண்டை பூசணிக்காய் அளவு.

"உன் பேரைக் கெடுத்துட்டேன் ஹெக்டர். இதையாவது சாப்பிடு."

அவர் சாப்பிட்டார். துறைமுகத்துக் கல் மாதிரி இறங்கியது. மறுவாரமும் வந்தது. ஏழு வாரம் வந்தது. ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். சொல்லாமல் இன்னொரு துண்டு வாங்கிக்கொள்வார். எஃபிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியிடம் புலம்பினாள்: "நேத்து அந்த மனுஷன் ஒரு மீனை மீன் அளவுக்குத்தான் சொன்னாரு. உடம்புக்கு என்னமோ ஆயிடுச்சு."

ஏழாவது ஞாயிறு ரோனா புட்டை வைத்துவிட்டுப் போகவில்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"செவ்வாக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போறேன்."

"ஏன், முட்டி வலியா? தபாலைத் தூக்கித் தூக்கி உனக்குக் கழுதை முதுகு ஆகியிருக்கும்னு நெனச்சேன்" என்று ஹெக்டர் சிரிக்கப் பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை. "ஞாபகம்தான். அந்தத் தையலை எப்போ போட்டேன்னு எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது. இப்ப கதவைப் பூட்டினா மூணு தடவை திரும்பிப் போய்ப் பாக்கறேன். தபால் போட்ட வீட்டுலயே போய், போட்டேனான்னு கேக்கறேன். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசில என் பேரே தெரியாமப் போச்சு. எனக்கு அம்பத்தி மூணுதான் ஆகுது ஹெக்டர்."

எஃபி கெட்டிலை அடுப்பில் வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். ஹெக்டர் மேஜையில் இருந்த புட்டையே பார்த்தார். ஒரு கோப்பைதான் போனதென்று நினைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண் தன் புத்தியே போய்விட்டதென்று அலைகிறாள்.

"நீ போடல" என்றார்.

"என்ன?"

"தையலை நீ போடல. நான் போட்டது. நான் உருவல. பச்சை நூலு என்னுது. அங்கேயே பார்த்தேன், அப்பவே தெரியும்."

ரோனா அசையவில்லை. "திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னார். காக்கைக் கதை, ரொட்டி, முதுகுப்பக்கம் பார்க்காதது, ஒன்றையும் விடவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கதையை நடந்த அளவிலேயே சொன்னார்.

"ஏழு வாரம்" என்றாள் ரோனா. "ஏழு வாரம் என்னைப் பைத்தியக்காரியா நடக்கவிட்டுட்டு, இங்க உக்காந்து என் புட்டைத் தின்னுருக்கே."

"பயந்துட்டேன்."

"எதுக்கு? தூக்குலயா போடப்போறாங்க? நூலுய்யா அது, நூலு!"

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. தான் நல்லபடியாகத்தான் இருக்கிறோம் என்கிற சிரிப்பு. அது ஹெக்டருக்கு அழுகையைவிட மோசமாக இருந்தது. பிறகு புட்டைத் துணியோடு எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"வியாழக்கெழமை எல்லார் முன்னாடியும் சொல்றே. சொல்லலைன்னா நான் சொல்வேன். நான் சொன்னா உன்னை மாதிரியே பெருசாக்கிச் சொல்வேன்."

வியாழக்கிழமை கூடத்தில் சொன்னார். பொடியன்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். ஸ்ட்ரூவன் கை நீட்டினார். ஹெக்டர் இடுப்பில் இருந்து சாவியை அவிழ்த்து அந்தக் கையில் வைத்தார். ஸ்ட்ரூவன் திட்டவில்லை. "காலுறை துவைக்க ஆள் இல்ல. வேணும்னா நீ செய்" என்றார். நாற்பத்து நாலு கம்பளிக் காலுறை. ஹெக்டர் சரி என்றார். ரோனா குச்சிகளை எடுத்துக்கொண்டு தன் வரிசைக்குப் போனாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

இப்போது காலையில் தபால் வரும் நேரத்துக்கு ஹெக்டர் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொள்கிறார். லாரிக்குத் தாமதமானாலும் சரி. ஒருநாள் கதவிலிருக்கும் தபால் துவாரத்தின் மூடி தூக்கப்படுமுன்னே கதவைத் திறந்துவிட்டார். ரோனா எதிரே நின்றாள், மழையில் நனைந்து.

"ரோனா, நான் வந்து..."

"கேஸ் பில்லு" என்று நீட்டினாள். "ரெண்டு காலுறைல ஓட்டை இருக்கு. பாத்துத் தை."

கேட்டைச் சாத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். சாத்தினோமா என்று திரும்பிப் பார்க்கவில்லை. ஹெக்டர் அதை மட்டும் பார்த்தார்.