மலையடிவாரத்தில் நின்ற கேரவன்

அந்த யோசனை என் மனைவிக்குப் பூந்தமல்லி நெரிசலில் வந்தது. மெட்ரோ வேலைக்காகச் சாலையில் பாதியை அடைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நீளமான வெள்ளை வண்டி ஒன்று நகர வழியில்லாமல் நின்றது. சினிமா ஷூட்டிங்குக்குப் போகும் கேரவன். கதவு திறந்திருந்தது. கட்டில், கை கழுவும் தொட்டி, மூலையில் கழிப்பறைக் கதவு எல்லாம் ஆட்டோவிலிருந்தே தெரிந்தன.

"அதுக்குள்ள ஒரு ரூம் இருக்குங்க," என்றாள்.

அவள் என்ன கணக்குப் போடுகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்று வைத்திருந்தார்கள். அதன் வழியாகப் பையிலிருந்து மருந்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். சில மணி நேரம் கழித்து, உடம்பின் கழிவோடு அதை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் கதவையும் ஜன்னலையும் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகத்தை மூடி, முழங்கை வரை கழுவிக்கொண்டு உட்கார வேண்டும். கிருமி ஒன்று குழாய் வழியே உள்ளே போய்விட்டால் ஆபத்து. நெமிலிச்சேரியில் எங்கள் ஃபிளாட்டின் பின்னறைதான் அதற்கான இடம். என் நாள் முழுவதும் அந்த அறையிலிருந்து எவ்வளவு தூரம் போய் எவ்வளவு சீக்கிரம் திரும்பலாம் என்பதில் அடங்கிவிட்டது. அம்பத்தூர் கம்பெனியில் பார்த்துவந்த தரப் பரிசோதனை வேலையைக்கூட வீட்டிலிருந்து செய்யும் அறிக்கை வேலையாக மாற்றிக் கொடுத்திருந்தார்கள்.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சுற்றுலா என்று எங்கும் போனதில்லை. குழாய் வருவதற்கு முன்பும் போனதில்லை. விடுமுறை கிடைத்தால் தெற்கே என் ஊருக்கோ அவள் ஊருக்கோ போவோம். கல்யாணம், காதுகுத்து, துக்கம். அதெல்லாம் சுற்றுலா ஆகாது. எட்டாம் வகுப்பில் இருந்த எங்கள் மகள், வகுப்புத் தோழிகள் அனுப்பும் மலைப் படங்களைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பாள். எங்களிடம் கேட்க மாட்டாள். அவள் கேட்காமல் இருந்ததுதான் என் மனைவியை அரித்துக்கொண்டே இருந்தது.

டாக்டர் தடை சொல்லவில்லை. "வண்டி சுத்தமா இருக்கட்டும். வடிச்ச பை கலங்கலா இருந்தா எதுக்கும் காத்திருக்காம அந்தப் பையோட வந்துடுங்க," என்றார். வீட்டிலும் அதே பயம்தான். வடித்த தண்ணீர் இளமஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டும். செய்தித்தாள்மேல் பையை வைத்தால் எழுத்து படிக்க வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான் கதவைத் திறந்ததும் என் மனைவி, எந்த வேலையில் இருந்தாலும், "தெளிவா?" என்று கேட்பாள். நான் "தெளிவு" என்பேன். மற்ற வீடுகளில் சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல எங்கள் வீட்டில் அது.

நசரத்பேட்டையில் பெங்களூர் சாலையை ஒட்டி ஒரு பெரிய ஷெட்டில் கேரவன்கள் வரிசையாக நின்றன. அதில் சிறியதை எடுத்தோம். ஏலகிரிக்கு என்று சொன்னதும் வண்டி ஓட்டுபவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். என் வயதுதான் இருக்கும். அந்தப் பக்கத்துப் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலமெல்லாம் பிளாட்டான பிறகு ஸ்டியரிங் பிடித்தவர்.

"மலைக்கு மேல வாணாம் சார். பெண்டுல திரும்பாது. கீய ஒரு மாந்தோப்பு கீது, ஷூட்டிங்குக்கு ரெண்டு மூணு வாட்டி வண்டியப் போட்டுகினு இருந்துகீறேன். தோப்புக்காரரு நல்ல மன்சன். அங்க நிறுத்திக்கலாம். மேல போறவங்க பஸ்ல போயினு வரட்டும்."

கிளம்புவதற்கு முந்தின நாள் என் மனைவி போய், அவர் பார்த்துக்கொண்டு நிற்க, வண்டியின் உள்பக்கம் முழுவதையும் கிருமிநாசினி போட்டுத் துடைத்தாள். திரைச்சீலைக் கம்பியில் பையைத் தொங்கவிட ஒரு கொக்கியை மாட்டி, இழுத்து இழுத்துப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்ட அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்.

"இத்தினி நாளா ஈரோவுக்கு ஓட்டுனேன். அவுங்ககூட இவ்ளோ சுத்தம் கேட்டதில்ல," என்றார்.

அரையாண்டு விடுமுறையில், காலைப் பையை வீட்டில் முடித்துக்கொண்டு கிளம்பினோம். மருந்துப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் இருந்தன. நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளும் கண்ணாடியைச் சுற்றிக் குண்டு பல்புகள். மகள் எல்லாவற்றையும் எரியவிட்டு என்னை அதன்முன் உட்காரச் சொன்னாள். பல வருஷங்களாக என் முகத்தை அவ்வளவு வெளிச்சத்தில் நான் பார்த்ததில்லை. கன்னம் கறுத்திருந்தது. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. "ஹீரோவுக்கு அப்பா வேஷம்," என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தேன். அவள் சிரித்தாள். ஆனால் கண்ணாடியில் நான் பார்த்ததை அவளும் பார்த்திருந்தாள்.

வேலூர் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடையின் பெரிய திடலில் மதியப் பைக்காக வண்டியை நிறுத்தினோம். ஏசியை அணைத்து, கதவைப் பூட்டி, நான் உள்ளே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே பேச்சுச் சத்தம் கூடியது. கேரவன் என்றதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. உள்ளே யார் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஓட்டுநர் கதவுக்கு முன்னால் நின்று யாரையும் தொடவிடவில்லை.

"யாருண்ணா உள்ள?"

"புது ஈரோ. ரெஸ்ட்டு எடுத்துகினு கீறாரு. சவுண்டு வுடாத, தள்ளி நில்லு."

எல்லாம் முடிந்து நான் கதவைத் திறந்தபோது பத்துப் பதினைந்து முகங்கள் அண்ணாந்து பார்த்தன. கைலியும் முழுக்கைச் சட்டையும் போட்ட ஒரு சோர்ந்த மனிதனைக் கண்டு அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு சின்னப் பெண் மட்டும் கையசைத்தாள். நானும் கையசைத்தேன். என் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் தன் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். "தெளிவு," என்றேன்.

பொழுது சாய்வதற்குள் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். மலை நேராக எதிரே நின்றது. இருட்டத் தொடங்கியதும் மேலே ஏறும் வண்டிகளின் விளக்குகள் ஒரு வளைவில் தோன்றி மறுவளைவில் மறைந்தன. தோப்புக்காரர் வீட்டிலிருந்து சூடாக இட்லி வந்தது. பாய் விரித்து நான்கு பேரும் சாப்பிட்டோம். வண்டி இருந்ததால் எங்கே போவது, எப்போது திரும்புவது என்ற பதற்றம் எனக்கு இல்லை. அறையே என்னோடு வந்திருந்தது. மகள் என் முழங்காலில் தலையை வைத்துப் படுத்தாள். அவள் அப்படிப் படுத்து எத்தனையோ நாளாகியிருந்தது. என் மனைவி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கும் இப்படி ஒரு மாலை வாய்த்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலைப் பை தெளிவாகவே இருந்தது. அடிவயிற்றில் மட்டும் லேசான பிடிப்பு. வண்டியில் உட்கார்ந்து வந்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அவர்கள் இருவரையும் மேலே போகச் சொன்னேன். என் மனைவி தயங்கினாள்.

"நீங்க இல்லாம என்ன சுத்துலா?"

"நான் இங்கதானே இருக்கேன். ஏரியில போட் விடுறாங்களாம். அவளைக் கூட்டிட்டுப் போ. மதியப் பையை நானே பாத்துக்குவேன்."

பஸ் கிளம்பும்போது மகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கையசைத்தாள். பஸ் முதல் வளைவில் திரும்பும் வரை நானும் ஓட்டுநரும் சாலையில் நின்றோம்.

மதியம் உட்கார்ந்தபோது பிடிப்பு வலியாக மாறியிருந்தது. தண்ணீர் மெதுவாக வடிந்தது. குழாயில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பையை எடுத்துச் செய்தித்தாள்மேல் வைத்தேன். அரிசி கழுவிய தண்ணீர்போல் இருந்தது. பெரிய தலைப்பு எழுத்துகள்கூட மங்கலாகத்தான் தெரிந்தன. பையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மறுபடி காகிதத்தின்மேல் வைத்தேன். அதே எழுத்து, அதே மங்கல். உடம்பு குளிரெடுக்க ஆரம்பித்தது.

கதவைத் திறந்ததும் ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே?" அதுவரை சார் என்று கூப்பிட்டவர்.

சொன்னேன். அவர் உடனே போனை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் பொறுங்க. இப்பத்தான் ஏரிக்குப் போயிருப்பாங்க."

"டாக்டரு இன்னா சொன்னாரு உன்கிட்ட?"

"காத்திருக்கக் கூடாதுன்னு."

"அப்பால இன்னா? போட்டு எங்க ஓடிப் போவுது? நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

நான் அவர் கையை விடவில்லை. அப்போதுதான் என் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. மனைவியின் முகத்துக்குப் பின்னால் ஏரியும், படகுக்கான வரிசையும். வரிசையில் கிட்டத்தட்ட முன்னால் வந்திருந்த மகள் திரும்பிப் பார்த்து விரலை ஆட்டினாள். காற்றில் அவளுடைய முடி பறந்துகொண்டிருந்தது.

"அடுத்து எங்க போட்டுதான். முடிச்சிட்டீங்களா?" என்றாள் மனைவி. பிறகு வழக்கம்போல, "தெளிவா?"

தெளிவு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அரை மணி நேரம். படகு ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கும். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. ஆனால் இத்தனை வருஷங்களில் அந்தக் கேள்விக்கு நான் பொய் சொன்னதே இல்லை. அவள் அதை நம்பித்தான் இரவில் தூங்குகிறாள்.

"கலங்கியிருக்கு," என்றேன்.

அவள் முகம் அப்படியே நின்றது. போன் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "வர்றோம்," என்றாள். படம் ஆடியது. தரை தெரிந்தது. மகளின் குரல், "ஏம்மா? ஏன்?" என்று கேட்டது. அத்தோடு அழைப்பு நின்றுவிட்டது.

பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், கீழே இறங்கிக்கொண்டிருந்த யாரோ ஒரு குடும்பத்தின் காரில் இடம் கேட்டு வந்தார்கள். அதற்குள் ஓட்டுநர் வண்டியைச் சாலையோரத்துக்குக் கொண்டுவந்து தயாராக வைத்திருந்தார். என் மனைவி ஏறியதும் கலங்கிய பையைக் கண்ணால் பார்த்தாள். அதை இன்னொரு பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். மகள் உள்ளே வரவில்லை. முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சென்னை வரும் வரை அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே, நடுவிலிருந்த சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஓட்டுநர் ஏதோ கேட்டதும் அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆஸ்பத்திரியில் பல நாள் இருந்தேன். மருந்து கேட்கவில்லை. கடைசியில் குழாயை எடுத்துவிட்டார்கள். வண்டியில் வந்ததாலா என்று என் மனைவி டாக்டரிடம் கேட்டாள். "சொல்ல முடியாதும்மா. வீட்டிலேயே இருந்திருந்தாலும் வரலாம். கிளம்புறதுக்கு முன்னாடியே உள்ள இருந்திருக்கலாம். உடனே வந்தீங்க, அது நல்லதாப் போச்சு," என்றார். அவள் தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் அவள் வண்டியைத் துடைத்த விதத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறாள். எங்கே விட்டுப்போனது என்று தேடுகிறாள். எதுவும் விட்டுப்போகவில்லை என்று நான் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

காய்ச்சல் விட்ட பிறகு ஒரு மாலை மகள் தனியாக என் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"ஏம்ப்பா அப்பவே சொன்னீங்க? இன்னும் ரெண்டு பேர்தான் எங்களுக்கு முன்னாடி இருந்தாங்க. கொஞ்சம் கழிச்சுச் சொல்லியிருக்கலாம்ல?"

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்படிச் சொல்லியிருந்தீங்கன்னா உங்ககூடப் பேசவே மாட்டேன். எப்பவும் பேச மாட்டேன்," என்றாள்.

இரண்டும் அவளுக்கு உண்மை. எனக்கும் அப்படித்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி ஏறிய என் கை, சரியாக மடங்கவில்லை. நர்ஸ் வந்து பார்வையாளர் நேரம் முடிந்தது என்று சொல்லும் வரை அவள் கையை எடுக்கவில்லை.

இப்போது வாரத்தில் மூன்று நாள் ஆவடியில் ஒரு மையத்துக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் படுக்கிறேன். காலையில் போனால் மத்தியானம் வந்துவிடலாம். வரும்போது உடம்பு பிழிந்துபோட்ட துணிபோல் இருக்கும். பின்னறை மகளின் படிப்பறை ஆகிவிட்டது. இந்த நிலையில் வெளியூர் போவதென்றால் போகிற ஊரில் யாராவது ஒரு நாள் மெஷின் கொடுக்க வேண்டும். கேரவன் ஓட்டுநர் எப்போதாவது போன் செய்வார். "எப்டி கீற அண்ணாத்தே?" என்று தொடங்கி, எந்தப் படப்பிடிப்பில் இருக்கிறார், சாப்பாடு எப்படி என்று சொல்லிவிட்டு வைப்பார்.

போன வாரம் என் மனைவி தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள். நாகர்கோவிலில் ஒரு மையத்தில் விசாரித்தாளாம். ரத்தப் பரிசோதனை முடிவுகளை அனுப்பினால் வெளியூர்க்காரர்களுக்கும் செய்கிறார்களாம். பக்கத்திலேயே கடல். ரயிலில் படுத்துக்கொண்டே போய்விடலாம்.

"அவகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல. நீங்க முதல்ல சரின்னு சொல்லுங்க."

சரி என்றேன்.