ஆடி கழியட்டும்

புவனோஸ் ஐரிஸில் நாங்கள் மூன்று வருடம் இருந்தோம். மூன்று வருடமும் எனக்குச் சாப்பாட்டுச் சண்டைதான். மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவேன் என்றால் அந்த ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஏதும் வியாதியா என்று இரக்கத்தோடு கேட்டுவிட்டுக் கோழியைக் கொண்டுவந்து வைப்பார்கள். இவருக்கு ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பூட்டும் வேலை. காலையில் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். நான் நாலாம் மாடியில், மொழி தெரியாமல், சேலையோடு, பார்ப்பவர்களுக்கெல்லாம் வேடிக்கையாக இருந்தேன்.

எதிர்வீட்டில் ஒரு பியானோ ரீச்சர். கணவர் செத்துப்போய்விட்டார், பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரே மகள். பின்னேரத்தில் ரீச்சர் மாத்தே என்ற கசப்புத் தேநீரைச் சின்னச் சுரைக்குடுவையில் கொண்டுவருவார். அதற்கு ஒரே ஒரு வெள்ளிக்குழல். அவர் உறிஞ்சுவார், மகள் உறிஞ்சுவாள், பிறகு அதே குழலை என்னிடம் நீட்டுவார்கள். ஐயோ கடவுளே, எச்சில்! முதல் நாளே நான் குழலைச் சேலைத்தலைப்பால் துடைத்துவிட்டேன். ரீச்சரின் முகம் செத்துப்போயிற்று. அங்கே அதைவிடப் பெரிய அவமரியாதை இல்லையாம்.

மறுநாள் மகள் தனியே வந்தாள். கையில் இன்னொரு குடுவை, புதுக் குழல். "இது உங்களுக்கு மட்டும். வேற ஒருத்தரும் வாய் வைக்கமாட்டினம்" என்று தன் மொழியிலும் சைகையிலும் சொன்னாள். என் ஆசாரம் அவளுக்கு விளங்கவில்லை. விளங்காமலே மதித்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கடைசிவரை அந்தத் தனிக்குழலில்தான் குடித்தேன். என் புத்தி அப்படி.

ஸ்பானிய மொழியை எனக்குச் சொல்லித்தந்தவளும் அவள்தான், நகரத்தைக் காட்டியவளும் அவள்தான். தெருவுக்குத் தெரு புத்தகக்கடை. ஒரு கோப்பிக்கு மூன்று மணித்தியாலம் இருந்து வாதாடும் கிழவர்கள். ஒருநாள் இசைநாடகம் பார்க்கக் கூட்டிப்போனாள். ஆக உச்சிமாடம், மலிவான இடம், நின்றுகொண்டுதான் பார்க்கவேண்டும். மேடையில் ஒருத்தி பாடப் பாட இவள் என் காதுக்குள் கதை சொன்னாள். "இப்ப அவன் பொய் சொல்லுறான். பாருங்கோ, அவள் நம்பிப்போட்டாள்." எனக்குக் கால் உளைந்தது, கண்ணீரும் வந்தது, வீட்டுக்குப் போகவும் மனம் வரவில்லை.

பிறகு இவருக்குச் சிட்னியில் வேலை கிடைத்தது. பரமட்டாவுக்குப் பக்கத்தில் வீடு. தெருவில் ஒரு குஞ்சு குருமன் இல்லை. சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகளையும் பூட்டிவிடுவார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

நாங்கள் சிட்னிக்கு வந்த அடுத்த வருடம் புவனோஸ் ஐரிஸில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆடி பிறக்க நாலைந்து நாள் இருக்கும்போது ரீச்சரின் கடிதம் வந்தது. மகளின் கூட்டாளிகள் இருவரை இலக்கத்தகடு இல்லாத காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். மகளை எப்படியாவது வெளியே அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் தங்கலாம், நாங்கள் பொறுப்பு என்று ஒரு கடிதம் கையெழுத்திட்டு அனுப்பினால் விசா கேட்கலாம், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாக எழுதியிருந்தார்.

இவர் அன்றைக்கே எழுதி, திகதி போட்டு, கையெழுத்தும் வைத்தார். "நாளைக்கே போட்டுவிடும்" என்று உறையை என்னிடம் தந்தார்.

மறுநாள் அட்டமி. அதற்கு அடுத்த நாள் நவமி. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பிய பஞ்சாங்கம் குசினிச் சுவரில்தான் தொங்கியது. பிறகு ஆடி பிறந்துவிட்டது. ஒரு குமர்ப்பிள்ளை கடல் கடந்து வரும் பயணம், ஆடியில் தொடங்கினால் உருப்படுமா? ஆடி கழியட்டும் என்று உறையைச் சீனிப்போத்தலுக்குப் பின்னால் வைத்தேன். அவளுக்கு நல்லது நடக்கவேண்டும் என்றுதான் வைத்தேன், சத்தியமாக. ஆனால் இன்னொருத்தியின் பொறுப்பு ஒரு மாதம் தள்ளிப்போகிறதே என்ற நிம்மதியும் மனதின் ஒரு மூலையில் இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சினேன். இவர் குடித்துக்கொண்டே கேட்டார்.

"கடிதம் போட்டாச்சோ?"

"ஓம், அண்டைக்கே போட்டாச்சு."

"அப்ப அடுத்த கிழமை போய்ச் சேர்ந்திடும், என்ன?"

"சேராமல்? அது என்ன சந்திரமண்டலமே?" என்றேன். இவர் சிரித்தார். எனக்கு வாய் எப்போதும் நீளம்தான்.

ஆவணி முதலாம் நாள் தலைமுழுகி, நல்ல நேரம் பார்த்து, உறையின் மூலையில் மஞ்சள் தடவி, தபாற்கந்தோரில் கொண்டுபோய்ப் போட்டேன். வந்து அவளுக்கு ஓர் அறை ஒழுங்குபண்ணினேன். கட்டில், போர்வை, படிக்க மேசை, கதிரை. அவள் வாங்கித்தந்த குடுவையையும் குழலையும் கழுவி மேசையில் வைத்தேன். இந்தமுறை அவளோடு ஒரே குழலில் குடிப்பது என்று முடிவும் எடுத்தேன். பெரிய தியாகம்!

புரட்டாதியில் பதில் வந்தது. எங்கள் கடிதம் கிடைத்ததாம். அதற்குப் பதினைந்து நாளுக்கு முன்னமே மகளைக் கொண்டுபோய்விட்டார்களாம். பொலிஸ், ராணுவ முகாம், ஆஸ்பத்திரி, தேவாலயம் என்று ரீச்சர் எல்லா வாசலிலும் போய் நின்றிருக்கிறார். அப்படி ஒருத்தியே இல்லை என்கிறார்களாம்.

நான் விரல் மடித்து எண்ணினேன். இவர் தந்த மறுநாளே போட்டிருந்தால் அவளுக்கு மூன்று கிழமை கையில் இருந்திருக்கும். அதற்குள் விசா கிடைத்திருக்குமோ, அவள் வெளிக்கிட்டிருப்பாளோ, தெரியாது. அந்தத் 'தெரியாது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடத்தையும் ஓட்டியிருக்கிறேன். அந்த ஆடிக்குப் பிறகு பஞ்சாங்கத்தைத் தொட்டதில்லை. தொடாமல் விட்டு ஆருக்கு என்ன பிரயோசனம்?

கடிதத்தின் கடைசியில் ரீச்சர் எழுதியிருந்தார்: "நீங்கள் போட்டிருந்த திகதியைப் பார்த்தேன். என் கடிதம் கிடைத்த கையோடு எழுதியிருக்கிறீர்கள். சாகும்வரை மறக்கமாட்டேன். எங்கள் நாட்டுத் தபால்காரர்கள் நாசமாய்ப் போக."

மூன்று நாள் கழித்து, மகள் சொல்லித்தந்த ஸ்பானிய மொழியில் பதில் எழுதினேன். ஓம், இங்கேயும் தபால் மோசம்தான் என்று எழுதினேன்.